முதல் தேதி மண்டகப்படி

சந்தனமாரி உள்ளே வந்து உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் அந்த ஏசி அறையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தும்ம ஆரம்பித்தார்கள். முதலில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், அப்புறம் சாயா கொண்டுவந்த ஆள், கடைசியில் மேனேஜர் சந்தீப். மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் சுக்குக் கிட்டங்கியில் நாளெல்லாம் உட்கார்ந்து சலிக்கிறவள் சேலையை எத்தனை தடவை உதறினாலும் தூள் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டுதான் வரும். போட்டில் காயலைத் தாண்டும்போது காற்று பாதியைக் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்திருந்தாள். கொண்டுபோகவில்லை. சரி, தும்மட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் வந்த காரியத்துக்கு இவர்கள் கொஞ்சம் தும்மினால் தப்பில்லை.

எதிர்ச் சுவரில் ஹெலிகாப்டரின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. வெள்ளை உடம்பு, இடுப்பில் சிவப்புப் பட்டை. அடிவயிற்றில் ஒரு நகைக்கடையின் பெயர், கடலில் மல்லாந்து தத்தளிக்கிறவன் கடைசியாக ஒரு முறை வாசித்துவிட்டுப் போகட்டும் என்பதுபோல அவ்வளவு பெரிய எழுத்தில். கடற்படைக்கும் கடலோரக் காவலுக்கும் சொந்தமாக ஹெலிகாப்டர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஆயிரம் ஜோலி. கரையை ஒட்டி மீன் பிடிக்கிறவர்களுக்காக, கூப்பிட்டதும் கிளம்புகிற மாதிரி தனியாக ஒன்று வேண்டும் என்று நாலு நல்ல மனிதர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்த டிரஸ்ட். எறணாகுளம் பக்கம் ஒரு திடலில் அது நிற்கும். பைலட் சம்பளம், எண்ணெய், ரிப்பேர் எல்லாம் நன்கொடையில்தான் ஓடியது. அந்த நன்கொடையில் பெரும்பங்கு வயிற்றில் பெயர் எழுதியவருடையது.

“சேச்சி, போன வாரமும் சொன்னேனே,” என்றான் சந்தீப். மலையாளத்தில் ஆரம்பித்து, அவளுக்காகத் தமிழுக்கு ஏறி வருவான். “ஆகஸ்ட் ஒண்ணு அவரு கம்பெனி தொடங்கின நாளு. எல்லா வருஷமும் அன்னைக்கு ஹெலிகாப்டர் அவரு கடை மேல பூ போடும். வருஷத்துல நாலு நாளு மட்டுந்தான் கேக்குறாரு. பாக்கி நாளெல்லாம் கடலுக்குத்தானே?”

“அந்த நாலுல ஒண்ணு எதுக்கு சார் ஒண்ணாந்தேதியா இருக்கணும்? போட்டு எல்லாம் கெளம்புற நாளு அது.”

சந்தீப் சாயா டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். மழைக்கால மீன்பிடித் தடை ஜூலை கடைசியோடு முடியும். தோப்பும்படித் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த போட்டுகள் எல்லாம் தடை நீங்கிய கையோடு ஒன்றாய்க் கிளம்பும். கிடந்து கிடந்து மக்கர் பண்ணுகிற இஞ்சின், இன்னும் அடங்காத கடல், முதல் மீனை முதலில் கொண்டுவர வேண்டும் என்ற அவசரம். போன வருஷம் அப்படிக் கிளம்பிய ஒரு போட்டில் அவள் புருஷன் சுப்புராஜும் அவள் தம்பி தங்கதுரையும் இருந்தார்கள். காயல் கடலில் சேரும் அழிமுகத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு இஞ்சின் நின்றது. போட்டை அலை கவிழ்த்தது. அந்த நேரம் ஹெலிகாப்டர் வடக்கே ஏதோ ஒரு ஊரில் நகைக்கடை மாடிக்கு மேலே பூத் தூவிக்கொண்டிருந்தது. அது தூவி முடித்து, எண்ணெய் நிரப்பி, திரும்பி வந்தபோது கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களில் தங்கதுரை இல்லை. மறுநாள் செல்லானம் பக்கம் கரை ஒதுங்கினான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பூ விவகாரம் அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சுப்புராஜைப் பார்த்தபோது அவன் மேல் போர்த்தியிருந்த கம்பளியில் ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு எவன் மாலை போட்டான் என்று அவளுக்குத் திக்கென்றது. எடுத்துக் காட்டி, “இது ஏதுங்க?” என்று கேட்டாள். “ஹெலிகாப்டர்ல கெடந்துச்சு. நெறையக் கெடந்துச்சு,” என்றான். அதற்கு மேல் இன்றுவரை அவன் அந்த நாளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள்தான் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு அந்த ஒற்றை இதழ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டாள். தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு ரோஜாப்பூ ஆகாமல் போய்விட்டது.

சந்தீப்புக்கும் எல்லாம் தெரியும். அதனால்தான் அவளை எழுந்து போகச் சொல்லாமல் ஒவ்வொரு தடவையும் சாயா வரவழைத்தான். “அவரு பைசா நின்னா ஹெலிகாப்டரே நின்னுடும் சேச்சி. அப்புறம் ஒண்ணாந்தேதி மட்டுமில்ல, எந்தத் தேதியும் இல்ல,” என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. அவனும் யார் யார் வாசலிலோ போய் நின்று கேட்கிறவன்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

“ஒரு நாளு அது சும்மா தயாரா நிக்கிறதுக்கு என்ன செலவாகும்?”

அவன் சொன்னான். அந்தத் தொகைக்குக் கொச்சங்காடியில் ஒரு வீட்டையே ஒத்திக்கு எடுத்துவிடலாம். அவள் சாயாவைக் குடித்து முடித்தாள்.

“அந்த ஒரு நாளு செலவ வேற ஆளு ஏத்துக்கிட்டா? அவரு அந்த நாள விட்டுக் குடுப்பாரா?”

சந்தீப் பேனாவை மேசையில் வைத்தான். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருந்தது. “கேட்டுப் பாக்கலாம். பூவ அடுத்த மாசம் வெச்சுக்கச் சொல்லலாம். ஆளு அத்தனை மோசமில்ல. ஆனா பைசா கையில வந்தாத்தான் எனக்கு வாய் தொறக்க முடியும்.”

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. விளாத்திகுளம் பக்கம் அவள் பிறந்த ஊரில் திருவிழா நாட்களில் ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தாரின் மண்டகப்படி. அன்றைய பூ, எண்ணெய், மேளம், பிரசாதம் எல்லாம் அவர்கள் செலவு. அன்றைக்கு அம்மன் அவர்களுடைய அம்மன். எத்தனை பெரிய பணக்காரனாக இருந்தாலும் அடுத்தவர் மண்டகப்படியில் வந்து மூக்கை நுழைக்க முடியாது. இங்கே மட்டாஞ்சேரித் தமிழர் தெருவில் மாரியம்மன் கோயில் ஆடிக் கொடைக்கும் அதே வழக்கம்தான். நகைக்கடைக்காரர் செய்வதும் மண்டகப்படிதான், அவருக்கு அந்தப் பேர் தெரியாது, அவ்வளவுதான்.

“அப்ப ஒண்ணாந்தேதி எங்க மண்டகப்படின்னு எழுதிக்கோங்க சார்,” என்று எழுந்தாள்.

“எந்தா அது?”

“எழுதிக்கோங்க. அப்புறமா வந்து சொல்லித் தாரேன்.”

சந்தீப் தும்மிக்கொண்டே எழுதிக்கொண்டான்.

கிட்டங்கியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சலிக்கிறவள் ஜுமைலா. பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். புருஷன் கபீர் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி வைக்கிற பண்டாரி. சந்தனமாரி போய்வந்த கதையைச் சொன்னதும் ஜுமைலா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “பிரியாணி சேலஞ்ச் வெப்போம்டி,” என்றாள். கேரளத்தில் யாருக்காவது கிட்னி மாற்ற வேண்டுமா, கிளப்புக்குப் பந்து வாங்க வேண்டுமா, இதுதான் வழி. முதலில் வீடு வீடாக ஆர்டர் பிடிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து, பொட்டலம் கட்டி, வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மிச்சப்படுகிற பணம் காரியத்துக்கு. நல்லது செய்தோம் என்ற திருப்தியோடு சாப்பிடவும் செய்யலாம் என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கபீர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். “கர்க்கிடக மாசம், அதான் உங்க ஆடி, அது பாத்தா பிரியாணி? மலையாளத்தான் பாதிப் பேரு ராமாயணம் வாசிச்சிட்டு எறச்சி பக்கமே வரமாட்டான். உங்க ஆளுக ஆடி வெள்ளி, ஆடிச் செவ்வான்னு ஆளுக்கொரு நாளு விரதம். குஜராத்தித் தெருக்காரன் ஜென்மத்துலயே தொடமாட்டான். நான் யாருக்கு வெக்கிறது, காயல்ல கெடக்குற மீனுக்கா?”

“அப்ப ரெண்டு அடுப்பு போடுவோம்ணே. ஒண்ணுல உங்க கோழி. ஒண்ணுல என் புளியோதரை.”

“புளிச்சோத்துக்குச் சேலஞ்சா? கேள்விப்பட்டதே இல்ல.”

“இனிமே கேள்விப்படுவீங்க,” என்றாள் சந்தனமாரி.

அதன் பிறகு அவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. கிட்டங்கி வேலை முடிந்ததும் சேலையை உதறிக்கொண்டு பஜார் ரோட்டில் இறங்கிவிடுவாள். அரிசி மண்டிக்காரர் ஒருவர், “ஹெலிகாப்டருக்கா? கிட்னின்னு வந்தா புரியும். ஹெலிகாப்டருக்கு நான் எதுக்கு அரிசி தரணும்?” என்று சிரித்தார். “கிட்னி ஒராளுக்குத்தான் சேட்டா. இது தோப்பும்படியில இருக்குற அம்புட்டுப் பேருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவர் கடை வாசலிலேயே நின்றுகொண்டாள். வருகிற வியாபாரிகள் எல்லாம் தும்மினார்கள். மண்டிக்காரர் மூட்டைகளை ஏற்றிவிட்டார். பட்டை, கிராம்பு, ஏலம் கிட்டங்கி முதலாளிகளிடமிருந்து வந்தது. கோழிக்கடைக்காரர் பாதி விலை போட்டார். கோழிக்குக் கபீரிடம் பிரியாணிச் செம்புகள், ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய செப்புப் பாத்திரங்கள், இருந்தன. புளியோதரைக்குத்தான் அண்டா வேண்டும், அது தமிழர் தெருக் கோயிலில் இருந்தது.

தமிழர் தெருவில் அவள் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ‘ஒண்ணாந்தேதி ஹெலிகாப்டர் நம்ம மண்டகப்படி’ என்ற ஒரு வாக்கியம் போதும், மளமளவென்று ஆர்டர் ஏறியது. இரண்டு பொட்டலம் கேட்டவர்கள் ஐந்து கேட்டார்கள். துணி தேய்க்கிறவர்கள், இட்லிக் கடைக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், எல்லாரும். சந்தனமாரிக்கு அப்படி ஒரு சந்தோஷம். தம்பி போன பிறகு தெருவில் இவ்வளவு வேகமாக அவள் நடந்ததே இல்லை. பால் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, “எத்தன மணிக்கு வரும் மாரி? தாம்பாளமெல்லாம் எடுத்து வெக்கணும்லா?” என்று கேட்டாள்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மண்டகப்படி என்றால் அம்மன் வரும். பந்தலுக்குக் கீழே வந்து நிற்கும். தேங்காய் உடைத்து, மாலை சாத்தி, கற்பூரம் காட்டின பிறகுதான் நகரும். காசு கொடுத்த தெருவில் சாமி வந்து நிற்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை. இத்தனை ஆர்டரும் அந்த வருகைக்குத்தான். அவளே அந்தப் பேரை வைத்தாள், அவளே அதை யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலமே கோயில் முன்னால் கூடினார்கள். கமிட்டித் தலைவர் செல்லப்பா வாழைக்காய் மொத்த வியாபாரி. எதையும் முன்கூட்டியே செய்துவிடுகிற மனிதர். ‘மட்டாஞ்சேரி தமிழர் தெரு மண்டகப்படி - பறந்து வரும் காவல் தெய்வமே வருக’ என்று பேனர் அடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் ஹெலிகாப்டருக்கு மாலை போட்டிருந்தது.

“வராதுண்ணே,” என்றாள் சந்தனமாரி.

“வரும் தங்கச்சி. மேனேஜர் பையன்கிட்ட நானே போன்ல பேசிட்டேன். கோயிலுக்கு மேல ஒரே ஒரு ரவுண்டு. சரின்னுட்டான்.”

சந்தீப் சரி என்று சொல்லியிருப்பான். யாருக்குத்தான் அவன் முடியாது என்று சொன்னான்? அவளுக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. கோயில் கலசத்துக்கு மேல் அது வந்து நிற்பதும், பிள்ளைகள் கூத்தாடுவதும், பெண்கள் குலவை இடுவதும் கண்முன்னால் வந்தன. தலையை ஆட்டினால் போதும், அண்டா வரும், ஆர்டர் நிற்கும், பணம் சேரும். ஆட்டாவிட்டால் இதுவரை அலைந்ததெல்லாம் வீண். அவள் பேனரில் இருந்த மாலையைப் பார்த்தாள். ரோஜா மாலை.

“நம்ம தலைக்கு மேல அது நிக்கிற நேரத்துல கடல்ல ஒருத்தன் கூப்பிட்டா என்ன செய்ய? நகைக்கடைக்காரன் செஞ்சதத்தானே நாமளும் செய்யுதோம்?”

“அவன் எங்கேயோ வடக்க கொண்டு போனான். இது அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷத்துல என்னம்மா ஆயிரும்? காசையும் குடுத்துட்டு, கண்ணால பாக்கவும் கூடாதுன்னா, ஜனங்க எதுக்குக் குடுக்கணும்? என்னத்துக்குக் குடுத்தோம்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

“சும்மா நிக்கிறதுக்குக் குடுத்தோம்னு சொல்லுங்க.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஒருத்தர், சும்மா நிற்பதற்கு இத்தனை லட்சமா, எங்கள் வீட்டில் ஒருத்தன் காசில்லாமலே நிற்கிறான் என்றார். சந்தனமாரிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பதில் சொல்ல வாய் எடுத்தபோது பின்னாலிருந்து சுப்புராஜின் குரல் வந்தது. அவன் அங்கே வந்திருப்பதே அவளுக்குத் தெரியாது. வலை தைக்கிற ஊசி இன்னும் கையில் இருந்தது.

“சத்தம் கேட்டுச்சு,” என்றான்.

யாருக்கும் புரியவில்லை.

“தங்கதுரை என் பக்கத்துலதான் கெடந்தான். ரொம்ப நேரம் தாக்குப் பிடிச்சான். பாட்டெல்லாம் பாடினான். அப்புறம் கை ஓஞ்சு போச்சு. நான் பிடிச்சேன், எனக்கும் ஓஞ்சு போச்சு.” சுப்புராஜ் ஊசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். “அவன் கைய விட்டப்ப ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுச்சுண்ணே. வந்துட்டுதான் இருந்துச்சு. அவனும் கேட்டான். மேல பாத்தான்.”

சுப்புராஜ் வந்த வழியே நடந்து போய்விட்டான். சந்தனமாரி கோயில் படியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷமாக அவளிடமே சொல்லாததைத் தெருவில் வைத்துச் சொல்லிவிட்டானே என்று அழுதாள். தம்பி அந்தச் சத்தத்தைக் கேட்டான் என்பதற்காகவும் அழுதாள். யாரும் அவளைத் தேற்ற வரவில்லை, வரத் தைரியம் இல்லை. வெகுநேரம் கழித்துச் செல்லப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். “அண்டாவப் புளி போட்டுத் தேச்சுக் குடுத்துரணும்,” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அடிச்ச பேனர என்ன செய்ய?” என்று கேட்டார்.

“கட்டுங்க. ‘வருக’ங்கிறத மட்டும் மறைச்சிருங்க.”

மறுநாள் முதல் அவள் வீடு வீடாகத் திரும்பவும் போனாள். ஆர்டர் கொடுத்த ஒவ்வொருவரிடமும், “அது வராது. வந்தா நமக்கு நல்லதில்ல. இப்பவும் வேணும்னா சொல்லுங்க,” என்று சொன்னாள். சிலர் ஐந்தை இரண்டாகக் குறைத்தார்கள். சிலர் பார்க்கலாம் என்று கதவைச் சாத்தினார்கள். ஜுமைலாவுக்குப் பொறுக்கவில்லை. “கையில வந்தத எதுக்குடி தட்டி விடுற? சொல்லாம இருந்துட்டா யாருக்குத் தெரியும்?” என்று சண்டை பிடித்தாள். “அன்னைக்கு எல்லாரும் மேல பாத்துட்டு நிப்பாங்கள்ல, அப்பத் தெரியும்,” என்றாள் சந்தனமாரி. குறைந்ததை ஈடுகட்ட இருவருமாகத் தோப்பும்படிக்கு நடந்தார்கள். அங்கே மீன் ஏலம் விடுகிற இடத்தில், வலைக் கிட்டங்கிகளில், ஐஸ் கம்பெனியில் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒண்ணாந்தேதி அது எங்கேயும் போகாமல் நிற்கும் என்று சொன்னதும் மலையாளிப் பெண்கள் பேசாமல் பேர் கொடுத்தார்கள். தமிழர் தெருவில் போனதைவிட அங்கே கூடுதலாகச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. கோயில் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் கபீர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு செம்பின் வாயை மாவு வைத்து அடைத்தார். மூடி மேல் கனல் அள்ளிப் போட்டார். இந்தப் பக்கம் சந்தனமாரி புளிக்காய்ச்சலைக் கிண்டினாள். கிட்டங்கிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இலை நறுக்கிப் பொட்டலம் கட்டினார்கள். கபீர் அவள் அண்டாவில் விரலை விட்டு ருசி பார்த்துவிட்டு, “பெருங்காயம் கூடுதல்,” என்றார். அப்புறம் யாரும் பார்க்காதபோது இன்னொரு விரலையும் விட்டார். குஜராத்தித் தெரு வியாபாரி ஒருவர் மத்தியானம் ஆளனுப்பி, மறுபடியும் புளியோதரை இருக்கிறதா என்று கேட்டார். கபீர் அன்று முழுவதும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சந்தீப் அதை இரண்டு தடவை எண்ணினான். அவள் முன்னாலேயே நகைக்கடை முதலாளிக்குப் போன் போட்டான். மறுமுனையில் அவர் சிரிப்பது இவளுக்கும் கேட்டது. பூவை ஓணத்துக்கு வைத்துக்கொள்கிறேன், பாவம், ஒண்ணாந்தேதியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றாராம். அந்தப் ‘பாவம்’ சந்தனமாரிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தேதியை வாங்கிக்கொண்டாள்.

“ஹெலிகாப்டர்ல சின்னதா உங்க பேரு ஒட்டட்டுமா சேச்சி? எந்தப் பேரு எழுதணும்?”

“ஒண்ணும் எழுத வேண்டாம். வயித்துல எடமும் இல்ல.” எழுந்தவள் வாசலில் திரும்பி நின்றாள். “செல்லப்பாண்ணே மறுபடியும் போன் பண்ணினா எடுக்காதீங்க.”

ஜூலை கடைசி நாள் சாயங்காலம் சுப்புராஜ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். போக வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன, கடல்தான் அவனுக்குத் தெரிந்த வேலை. சுக்குப் பொடி ஒரு டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் கேட்டான்.

“நாளைக்கு அது நிக்கும்லா?”

“நிக்கும்.”

“அப்பச் சரி. போயிட்டு வாரேன்.”

ஆகஸ்ட் முதல் தேதி காலையில் மழை விட்டிருந்தது. பத்து மணிச் சாயாவுக்குக் கிட்டங்கிப் பெண்கள் வெளியே வந்தபோது, தெருமுனையில் கோயில் முன்னால் செல்லப்பா வெள்ளை வேட்டி கட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் பேனர். ‘வருக’ மேல் காகிதம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் தாம்பாளம், அதில் தேங்காய், பழம், கற்பூரம். பள்ளிக்கூடம் போகாமல் டிமிக்கி கொடுத்த பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றிருந்தன.

“என்னண்ணே, வராதுன்னு சொன்னேன்லா?” என்று கேட்டுக்கொண்டே சந்தனமாரி சாயா டம்ளரோடு அங்கே போனாள். ஜுமைலாவும் கூட வந்தாள்.

“வரலேன்னா என்ன? அங்கே நிக்கிதுல்லா. நிக்கிறதுக்கு ஒரு கற்பூரம் காட்டிட்டுப் போறேன். நம்ம மண்டகப்படி, நான் காட்டுதேன், உனக்கென்ன?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனசு லேசாக இருந்தது. இந்நேரம் அது காயலுக்கு அந்தப் பக்கம் திடலில், எண்ணெய் நிரம்பி, கதவு திறந்து, பைலட் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, சும்மா நிற்கும். இத்தனை பேர் சமைத்து, சுமந்து, கெஞ்சி, சண்டை போட்டு அதைச் சும்மா நிற்க வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் வரை இப்படியே நின்றுவிட்டால் போதும். செல்லப்பா கற்பூரத்தை ஏற்றினார்.

முதலில் கேட்டது ஜுமைலாவுக்குத்தான். சந்தனமாரியின் முழங்கையைப் பிடித்தாள். அப்புறம் எல்லாருக்கும் கேட்டது. பிள்ளைகள் குதித்தார்கள். “வருது! வருது! மண்டகப்படி வருது!” என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினார்கள். வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒரு பெண் வந்த வேகத்தில் குலவை இட்டாள்.

சந்தனமாரிக்கு டம்ளரிலிருந்த சாயா கையில் வழிந்ததுகூடத் தெரியவில்லை. அவள் முதலில் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று. வடக்கேயிருந்து வரவில்லை. கிழக்கே, காயலுக்கு மேலே, திடல் இருந்த பக்கத்திலிருந்து நேராக, தாழ்வாக வந்தது.

“நின்ன எடத்துலருந்துதான் கெளம்பியிருக்கு,” என்றாள். ஜுமைலாவிடம் சொன்னாளா, வேறு யாரிடமாவது சொன்னாளா தெரியவில்லை. “நின்ன எடத்துலருந்துதான் வருது.”

கிட்டங்கி ஓடுகளுக்கு மேல் வெள்ளை உடம்பு தெரிந்தது. சிவப்புப் பட்டை தெரிந்தது. வயிற்றில் இருந்த பெயரை வாசிக்கக்கூட நேரமில்லை. கோயிலுக்கு மேல் அது வேகத்தைக் குறைக்கவில்லை, வட்டம் போடவில்லை. கும்பிடுவதற்காகத் தலைக்கு மேல் கையைத் தூக்கிய செல்லப்பா அது தாண்டிப் போவதைப் பார்த்தார், பிறகு சந்தனமாரியின் முகத்தைப் பார்த்தார். அவர் கைகள் உயர்ந்தபடியே நின்றுவிட்டன. குலவை பாதியில் அறுந்தது. ஓடின பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்று பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நிக்காத! போ!” என்று சந்தனமாரி கத்தினாள். “போயிரு, போயிரு!”

அது மேற்கே, கடலைப் பார்த்து, ஒரு கோடு போட்டதுபோல் போய்க்கொண்டிருந்தது. தெருவில் யாரும் நகரவில்லை. தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, தலைக்கு மேல் தூக்கிய கையை இறக்காமல் செல்லப்பா அந்தச் சத்தம் போன திசையைப் பார்த்து மெல்லத் திரும்பினார்.